இருபத்தெட்டு நாள் கணக்கில் இருக்க வேண்டிய பணம்

கேள்வி: என் மகளுக்கு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. விசாவுக்குக் காட்ட வேண்டிய தொகையில் பாதிதான் என் கணக்கில் இருக்கிறது. மீதியைத் தம்பி தருவதாகச் சொல்கிறார். முகவரோ, "வட்டிக்கு ஆள் பிடித்து ஒரு மாதம் பணம் போட்டு வைக்கிறேன், விசா வந்ததும் எடுத்துக்கொள்ளலாம்" என்கிறார். என்ன செய்வது?
— வாசகர், கும்பகோணம்

பதில்: முகவர் சொல்லும் வழியை இன்றே கைவிடுங்கள். அந்தப் பணம் உங்களுடையது அல்ல என்பது தெரியவந்து, ஏமாற்றியதாக முடிவு செய்யப்பட்டால், பாதிக்கப்படுவது முகவர் அல்ல, தங்கள் மகள்தான். அதன்பின் 10 ஆண்டுகளுக்கு அவருடைய விண்ணப்பங்கள் அந்த ஒரு காரணத்துக்காகவே மறுக்கப்படலாம்.

லண்டனுக்கு வெளியே படிப்பவர்கள் வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 1,171 பவுண்டு வீதம், அதிகபட்சம் 9 மாதங்களுக்கு, அதாவது 10,539 பவுண்டு காட்ட வேண்டும். 2025 நவம்பரில் உயர்த்தப்பட்ட தொகை இது. இத்துடன், பல்கலைக்கழகம் அனுப்பும் சேர்க்கை உறுதிச் சான்றில் குறிப்பிட்டுள்ள முதலாண்டுக் கட்டணத்தில் செலுத்தியதுபோக மீதியும் கணக்கில் இருக்க வேண்டும். மொத்தத் தொகையும் தொடர்ந்து 28 நாட்கள் ஒரு நாள்கூடக் குறையாமல் இருக்க வேண்டும். அந்த 28ஆவது நாள், விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 31 நாட்களுக்குள் அமைய வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 25 நாள் பத்திரமாகக் காத்த பணத்தில், 26ஆம் நாள் காலை காப்பீட்டு பிரீமியமோ வீட்டுக்கடன் தவணையோ தானாகப் பிடிக்கப்பட்டு, இருப்பு காட்ட வேண்டிய தொகையைவிடச் சில நூறு ரூபாய் குறைந்துவிட்டால், நாட்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதுதான். ஆகவே தவணை எதுவும் பிடிக்கப்படாத கணக்கைத் தேர்ந்தெடுங்கள். பவுண்டின் மதிப்பு ஏறினாலும் தாங்கும் அளவுக்குச் சற்றுக் கூடுதலாகவே வைத்திருங்கள்.

தம்பியின் உதவியைத் தாராளமாகப் பெறலாம். ஆனால் சித்தப்பாவின் கணக்கை அப்படியே காட்ட முடியாது. மாணவி, அவருடைய பெற்றோர், சட்டப்படியான பாதுகாவலர், கணவர் ஆகியோரின் கணக்குகளே ஏற்கப்படும். நம் குடும்பங்களில் சித்தப்பாவும் தாய்மாமனும் சேர்ந்துதானே பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம் என்று தாங்கள் வருந்துவது புரிகிறது. என்றாலும் விதி அதுதான். அவர் திருப்பிக் கேட்காமல் மனமுவந்து தருவதாக இருந்தால், வங்கி வழியாகவே தங்கள் கணக்குக்கு அனுப்பச் சொல்லி, அன்பளிப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டு, அன்றிலிருந்து நாட்களை எண்ணுங்கள். உடன்பிறந்தவர் தரும் அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது.

தங்கள் கணக்கைக் காட்டுவதால், மகளின் பிறப்புச் சான்றிதழும், இந்தப் பணத்தைப் படிப்புக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன் என்று தாங்கள் எழுதித் தரும் கடிதமும் தேவை. பிறப்புச் சான்றிதழில் தங்கள் பெயர் இனிஷியலோடும், பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் விரிந்து முழுப்பெயராகவும், வங்கிப் புத்தகத்தில் வேறொரு எழுத்துக்கூட்டலோடும் இருப்பது நம் ஊரில் சாதாரணம். மூன்றையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால், நாள் எண்ணத் தொடங்கும் முன்பே வங்கியில் திருத்திவிடுங்கள்.

விசாவுக்குத் தேவையான காசநோய்ப் பரிசோதனையை அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மட்டுமே செய்ய வேண்டும். சான்றிதழ் 6 மாதம் செல்லும்.

கேள்வி: எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு உண்டு. ஆடிட்டரிடம் மதிப்புச் சான்று வாங்கினால் பிரிட்டன் மாணவர் விசாவுக்குப் போதுமா?
— வாசகி, பொள்ளாச்சி

பதில்: போதாது. நிலம், நகை, பங்குகள் ஆகியவற்றின் மதிப்பைக் கணக்கில் கொள்ளமாட்டார்கள். கைக்கு எட்டும் ரொக்கமே வேண்டும். ஆனால் அந்தத் தோப்பை ஈடாக ஏற்று வங்கி கல்விக்கடன் வழங்கினால், மாணவர் பெயரில் வரும் அந்தக் கடன் ஒப்புதல் கடிதம் செல்லும். அதற்கு 28 நாள் கணக்கும் இல்லை. கடிதத்தின் தேதி விண்ணப்பத்துக்கு முந்தைய 6 மாதங்களுக்குள் இருந்தால் போதும்.