நான்கு வயதுக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுத் தோழிகளோடு இரண்டு நாள் கடற்கரைக்குப் போகலாமா? மனசு உறுத்தாதா?

போகலாம். நான் போன பிப்ரவரியில் போய்வந்தேன். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. கல்லூரி விடுதியில் நான்கு வருடம் ஒன்றாக இருந்த ஐந்து பேர், தரங்கம்பாடியில் இரண்டு இரவு. மனசு உறுத்தியது, முதல் நாள் இரவு எட்டரை மணிக்கு. அதைப் பிறகு சொல்கிறேன். பிள்ளைகள் இல்லாமல் போவது என்று ஏன் முடிவெடுத்தோம் என்பதுதான் முதலில்.

எங்களில் நான்கு பேருக்குப் பிள்ளைகள் உண்டு. ஒருத்திக்கு இல்லை. ஏழு வருடம் சிகிச்சை எடுத்து, போதும் என்று அவளும் அவள் கணவரும் நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு முன்பு இரண்டு முறை குடும்பங்களோடு சேர்ந்து சுற்றுலா போயிருக்கிறோம். ஒருத்தி பிள்ளைக்குச் சோறூட்டுவாள், இன்னொருத்தி கழிப்பறை தேடி ஓடுவாள், மற்றவள் அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பாள். இவள் எங்கள் பைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மூன்றாவது முறை கூப்பிட்டபோது லீவு கிடைக்கவில்லை என்றாள். அப்புறம் பிறந்தநாள் விழாக்களுக்கும் வருவதை நிறுத்தினாள். வாட்ஸ்அப் குழுவில் பள்ளிக் கட்டணமும் தடுப்பூசியும் பேசிப் பேசி அவளுக்கென்று ஒரு வார்த்தை இல்லாமல் செய்திருந்தோம். எனக்கு அது உறைக்கவே ஒன்றரை வருடம் ஆனது. அதனால் இந்தப் பயணம் எனக்குப் பிள்ளையிடமிருந்து ஓய்வு எடுப்பதற்கானது இல்லை. எங்களில் ஒருத்தி கைநழுவிப் போய்க்கொண்டிருந்தாள்.

வீட்டில் சொன்னபோது கணவர் சரி என்றார். உறவில் ஒருவர்தான், "பிள்ளையை விட்டுட்டு அப்படி என்ன ஊர் சுத்தல்?" என்று கேட்டார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பதில் சொன்னது என் மாமியார்: "இவன் வருஷா வருஷம் மாலை போட்டுக்கிட்டு கூட்டாளிகளோட நாலு நாள் சபரிமலை போறான். பிள்ளையை யார் பாத்துக்குவான்னு யாராவது கேட்டீங்களா?" அதற்குமேல் யாரும் பேசவில்லை. அந்த வாக்கியத்துக்காக அவருக்கு நான் என்றும் கடன்பட்டிருக்கிறேன்.

தரங்கம்பாடியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ரயில். மூன்று பேர் எழும்பூரில் காலைச் சோழன் எக்ஸ்பிரஸ் ஏறினோம், கோவைக்காரி ஜனசதாப்தியில் வந்தாள், ஒருத்தி திருச்சியிலிருந்து. எல்லோருக்கும் மயிலாடுதுறை ஒத்துவந்தது. அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். ஊரும் சின்னது. நகர வாயிலைத் தாண்டினால் ஒரே நேர்த் தெரு, பழைய தேவாலயங்கள், முடிவில் கோட்டையும் கடலும். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620-இல் டேனிஷ்காரர்கள் வந்து இறங்கிய இடம், 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். எங்கே போனாலும் நடந்தே போகலாம். ஐந்து பெண்கள் ராத்திரி ஒன்பது மணிக்கு வண்டி தேட வேண்டாம் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

ஆனால் நீந்துகிற கடல் இல்லை அது. கரையோரமே ஆழமாகிவிடும், திரும்புகிற அலை காலடி மணலைப் பறித்துக்கொண்டு போகும். வலை சரிசெய்துகொண்டிருந்த மீனவர் ஒருவரே, "முட்டிக்கு மேல போகாதீங்கம்மா" என்றார். அந்தப் பேச்சைக் கேட்டு நடந்தோம்.

முதல் நாள் மதியம் வறுத்த வஞ்சிரம். முள் எடுத்து ஊட்ட எதிரில் யாரும் இல்லை. சோறு சூடாக இருக்கும்போதே சாப்பிட்டு முடித்தேன். இதைப் படிக்கும் அம்மாக்களுக்கு அது எவ்வளவு என்று தெரியும்.

பிள்ளைகளைப் பற்றிப் பேசக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். தவறான யோசனை. வாய்வரை வந்ததை விழுங்கி விழுங்கி நால்வரும் மௌனமாகிப்போனோம். அவளே சொன்னாள்: "பேசுங்கடி. எனக்காக அடக்கிக்கிட்டு இருக்கீங்கன்னு தெரியறதுதான் கஷ்டமா இருக்கு."

எட்டரைக்கு வீடியோ கால் போட்டேன். மகள் அதுவரை நன்றாகத்தான் இருந்திருக்கிறாள். தூங்குகிற நேரத்தில் என் முகத்தைப் பார்த்ததும் ஓவென்று அழ ஆரம்பித்தாள். அடுத்த பேருந்தில் கிளம்பிவிடலாமா என்று இருந்தது. பத்தாவது நிமிடம் கணவர் செய்தி அனுப்பினார், தூங்கிவிட்டாள் என்று. மறுநாள் காலையில் மட்டும் பேசினேன். கையில் இட்லியை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

எங்களில் ஒருத்திக்குக் கைக்குழந்தை, பதினோரு மாதம். நீங்களும் பாலூட்டுகிறவராக இருந்தால் கவனியுங்கள். கறந்த பாலை ஃப்ரிட்ஜில் நான்கு நாள் வரை வைக்கலாம், வீட்டுக்கு அது போதும். உங்களுக்குத்தான் சிரமம். நேரத்துக்குப் பாலை எடுக்காவிட்டால் மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல்கூட வரும். அவள் பம்ப் கொண்டு வந்திருந்தும் முதல் நாள் ரயிலில் எடுக்கக் கூச்சப்பட்டு, மாலைக்குள் வலி தாங்காமல் துடித்துவிட்டாள்.

இரண்டாம் நாள் விடிவதற்கு முன்பே மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போனோம். 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது, மிச்சத்தைக் காக்கக் கரையில் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். அந்தப் பாறைகளில் உட்கார்ந்து சூரியன் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சிகிச்சையை நிறுத்திக்கொண்ட அந்தத் தோழி பேச ஆரம்பித்தாள். ஊசிகள், இரண்டு முறை கரு தங்கிக் கலைந்தது, ஒரு மருத்துவமனை வராந்தாவில் தனியாக அழுதது. எதுவும் எங்களுக்குத் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்ல ஆரம்பிப்பேன். யாராவது ஒரு பிள்ளை அழும். நீங்க எழுந்து போவீங்க. அது உங்க தப்பு இல்ல" என்றாள். வெயில் ஏறி முதுகு சுடுகிற வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

உங்கள் குழந்தைக்கு நான்கு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். என்றாலும் முதல் முறை இரண்டு இரவுக்கு மேல் வேண்டாம். போவதற்கு முன் ஒரு வாரம், குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாவற்றையும் யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்களோ அவர்களே செய்யட்டும், நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள். என் கணவருக்குப் பின்னல் போடத் தெரிந்தது அந்த வாரத்தில்தான். சொல்லாமல் நழுவிப் போகாதீர்கள். எத்தனை ராத்திரி என்று விரல்விட்டு எண்ணிக் காட்டிவிட்டுப் போங்கள்.

வருகிற மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரை ஊரான மணப்பாடு போகிறோம். இந்த முறை தேதி குறித்து எல்லோருக்கும் டிக்கெட் போட்டது அவள்தான்.