எதற்காகச் சேர்ப்பது?

அன்புள்ள ஐயா,

எனக்கு 34 வயது. ஓரளவு நல்ல சம்பளம். திருமணம் ஆகவில்லை, என்னை நம்பி யாரும் இல்லை. ஆனாலும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறேன். வரவு செலவு எழுதும் ஆப்பை மூன்று முறை இறக்கியும் பத்து நாள் தாண்டவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். எதற்காகச் செய்ய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. மற்றவர்களுக்குப் பிள்ளைகளின் படிப்பு, வீடு என்று ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. ஒரு நோக்கம் கிடைத்துவிட்டால் ஊக்கம் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறேன். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கூடவே, எந்த ஆப் நல்லது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பப் போய்ப் படித்தது "குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறேன்" என்ற வரியை. வயதையும் சம்பளத்தையும் சொல்கிற அதே தொனியில் அதையும் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். மொத்தப் பாக்கி எவ்வளவு என்று எழுதவில்லை. கூச்சமாக இருக்கலாம். எனக்கென்னவோ அந்தத் தொகை உங்களுக்கே சரியாகத் தெரியாது என்று தோன்றுகிறது. தவறென்றால் மன்னியுங்கள்.

இப்படி ஊகிக்கக் காரணம், நானும் அங்கே இருந்தவன்தான். முப்பதுகளின் தொடக்கத்தில் வங்கியிலிருந்து வரும் உறைகளைப் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போடுவேன். அது நிரம்பி மூட முடியாமல் போனபோது அடுத்த இழுப்பறைக்கு மாறினேன். யாராவது கேட்டிருந்தால், "பணத்தில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை, வாழ்க்கையில் அதைவிடப் பெரிய விஷயங்கள் இருக்கின்றன" என்றிருப்பேன். கேட்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே இருந்தது பயம்.

இதற்கு ஆய்வுலகில் ஒரு பெயரே இருக்கிறது. 2006இல் டான் கலாய், ஓர்லி சாடே என்ற இருவர் இதை நெருப்புக்கோழி விளைவு என்றார்கள். (நெருப்புக்கோழி உண்மையில் மண்ணில் தலையைப் புதைப்பதில்லை. பாவம், பெயர் கெட்டதுதான் மிச்சம்.) முதலீட்டாளர்கள் சந்தை ஏறும்போது தங்கள் கணக்கை அடிக்கடி திறந்து பார்ப்பதையும், இறங்கும்போது பார்ப்பதைக் குறைத்துக்கொள்வதையும் 2009இல் வந்த இன்னோர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. பார்க்காமல் விட்டால் நஷ்டம் குறையும் என்று அவர்களில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனாலும் பார்ப்பதில்லை.

அதனால், முதலில் நோக்கம், பிறகு ஊக்கம், அதன்பின் கணக்கு என்ற உங்கள் வரிசையை நான் நம்பவில்லை. கடன் எவ்வளவு என்று தெரியாமல் நோக்கத்தைத் தேடிக்கொண்டிருப்பது, அந்தக் கடனைப் பார்க்காமல் தள்ளிப்போட இன்னொரு கௌரவமான சாக்கு. முதலில் ஸ்டேட்மெண்டைத் திறங்கள். மாதம் 3 சதவீத வட்டி என்றால், ஒன்றுமே கட்டாத பாக்கி 24 மாதத்தில் இரட்டிப்பாகிவிடும். குறைந்தபட்சத் தொகை கட்டுவதால் அப்படி வீங்காமல் இருக்கிறது, ஆனால் கரைவதும் தெரியாது. கட்டுவதில் நல்ல பங்கு வட்டிக்கே போய்விடும். போதாக்குறைக்கு, பெரும்பாலான கார்டுகளில் பாக்கி வைத்திருக்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். இதையெல்லாம் தெரிந்துகொண்டால் நோக்கம் பிறந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். கோபம் வரும். தொடங்குவதற்கு அது போதும்.

சரி, நோக்கத்துக்கு வருவோம். எதற்குச் சேர்க்கிறாய் என்று கேட்டால் வாங்கப்போகும் ஏதோ ஒன்றைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். உங்களுக்கு வாங்க எதுவும் இல்லை, எனவே காரணமும் இல்லை என்று முடிவுகட்டிவிட்டீர்கள். எனக்குக் காரணம் வேறு இடத்தில் கிடைத்தது. அந்த இழுப்பறை நாட்களில் என் மேலதிகாரி, தான் செய்த ஒரு பிழையை நான் செய்ததாக எழுதிய கடிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்று இரவு நியாயம் அநியாயம் பற்றியெல்லாம் நான் யோசிக்கவே இல்லை. வேலை போனால் எத்தனை நாள் தாங்குவேன் என்று கணக்குப் போட்டேன். 11 நாள். மறுநாள் காலையில் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் இரண்டு வருடம் அதே அறை, அதே மனிதர், தினமும் அவருக்கு வணக்கம்.

அதிலிருந்து என் கையிருப்பைத் தொகையாகப் பார்ப்பதை விட்டுவிட்டேன். நாட்களாகப் பார்க்கிறேன். கையில் இருப்பதை, ஒரு நாளைக்குத் தவிர்க்கவே முடியாத செலவால் வகுத்தால் வருவதுதான் என் எண். 11 என்பது 40 ஆக ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. 100ஐத் தாண்டியபோது, "நீ இப்போதெல்லாம் கூட்டங்களில் சத்தமாகப் பேசுகிறாய்" என்று உடன் வேலை பார்த்தவர் சொன்னார். எனக்கே அது தெரிந்திருக்கவில்லை. வேலையை விட்டுவிடவில்லை. நினைத்தால் விடலாம் என்று ஆகியிருந்தது.

"என்னை நம்பி யாரும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் சறுக்கினால் தாங்கிப் பிடிக்க வீட்டில் இன்னொரு சம்பளமும் இல்லை. உங்களுக்குத்தான் கூடுதல் நாட்கள் வேண்டும்.

முதுமையை நினைத்துப் பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள். 2011இல் ஹால் ஹெர்ஷ்ஃபீல்டும் சகாக்களும் செய்த சோதனைகளில், கணினி முதுமையாக்கிக் காட்டிய தங்கள் முகத்தையே பார்த்தவர்கள் ஓய்வுக்காலத்துக்கு அதிகம் ஒதுக்க முன்வந்தார்கள். எழுபது வயதில் எப்படி இருப்பேன் என்று யோசித்தால் எனக்குத் தூக்கம்தான் வருகிறது. உங்களுக்குப் பலித்தால் சரி.

ஊக்கம் சம்பள நாளில் இருக்கும், மூன்றாவது வாரத்தில் இருக்காது. அதை நம்பி எதையும் கட்டாதீர்கள். ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், உடனே சேமிப்பைக் கூட்டத் தயங்கிய ஒரு நிறுவனத்தின் ஊழியர்களை வற்புறுத்தவில்லை. இனி சம்பளம் உயரும்போதெல்லாம் அதில் ஒரு பங்கு தானாகச் சேமிப்புக்குப் போகட்டும் என்று முன்கூட்டியே சம்மதம் வாங்கிக்கொண்டார்கள். சம்மதித்தவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக ஏறியது. அந்த 40 மாதமும் அவர்கள் ஊக்கத்தோடு இருந்தார்களா என்ன? பலர் மறந்தே போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நீங்களும் அப்படி மறந்துவிட வழி செய்துகொள்ளுங்கள். திடீர்ச் செலவு வந்தால் மறுபடி கார்டை எடுக்காமல் இருக்க, பத்துப் பதினைந்து நாளுக்கானதை மட்டும் முதலில் ஒதுக்கிவிடுங்கள். பிறகு சம்பளம் வந்த மறுநாளே ஒரு தொகை தானாகக் கார்டு பாக்கிக்குப் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். பாக்கி தீர்ந்ததும் அதே தொகை அதே தேதியில், நீங்கள் அன்றாடம் தொடாத வேறொரு கணக்குக்குப் போகட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாட்களை எண்ணினால் போதும். எண்ணிப் பார்த்தது எத்தனை என்று எனக்கு எழுத வேண்டியதில்லை.

ஆப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் ஒரு பழைய கோடு போட்ட நோட்டில் எழுதுகிறேன். அதிலும் நடுநடுவே சில மாதங்கள் வெறும் தேதியோடு நிற்கின்றன.