பல ஊர்த் தேயிலைகளைத் தேடித் தேடிக் குடிப்பதா, பிடித்த ஒரே ஊரோடு நின்றுவிடுவதா?

ஒரு வருடமாக ஏழெட்டு ஊர்த் தேயிலைகளை வாங்கிக் குடித்தேன், அஸ்ஸாம் பிடித்துவிட்டது, அதோடு நின்றால் மற்றதையெல்லாம் இழந்துவிடுவேனோ என்று கேட்டிருக்கிறீர்கள். நின்றுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ஒரு வருடம் சுற்றிப் பார்த்தது போதும். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் என் கதையைச் சொல்ல வேண்டும்.

நான் டீ டேஸ்டர் இல்லை, தேயிலை விற்பவனும் இல்லை. கோத்தகிரிப் பக்கம் தோட்டத்துக் குடியிருப்பில், லயம் என்கிற வரிசை வீட்டில் வளர்ந்தவன். வீட்டில் பாலோடு கொதிக்க வைத்த டஸ்ட் டீதான். பால் டீ மட்டம் என்று இங்கே சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இன்றும் காலையில் அதுதான் குடிக்கிறேன். கீழே சொல்வதெல்லாம் மாலையில் பால் சேர்க்காமல் குடிக்கும் தேநீரைப் பற்றி.

2010-ல் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தேயிலையில் இத்தனை வகை உண்டு என்பதே தெரிந்தது. அலுவலக நண்பர் ஒருவர் டார்ஜிலிங் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் கொடுத்தார். குளிர்காலம் முடிந்து மார்ச்சில் துளிர்க்கும் முதல் கொழுந்து. வெந்நீரில் போட்டால் சாயம் ஏறவே இல்லை, வெளிர் மஞ்சளாக இருந்தது. வாயில் வைத்தால் பூ மணம். தேயிலைக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாமல் போனதே என்ற ஆதங்கத்தில் ஆறு வருடம் ஊர் ஊராகத் தேடினேன்.

மே, ஜூனில் பறிக்கும் டார்ஜிலிங் வேறு மாதிரி. தத்துப்பூச்சி கடித்த கொழுந்தில் திராட்சை மணம் ஏறியிருக்கும். அதே மாதிரிப் பூச்சி கடித்த கொழுந்தில்தான் தைவானிலும் ஒரு ஊலாங், அதாவது பாதி நொதிக்க விட்ட தேயிலை, செய்கிறார்கள். சீனாவின் வூயீ மலையிலிருந்து வரும் லாப்சாங் சூஷோங்கில் பைன் விறகுப் புகை அடித்தது, ஈர விறகு எரிந்த எங்கள் லயத்துச் சமையலறை ஞாபகம் வந்தது. ஜப்பானின் செஞ்சா என்ற பச்சைத் தேயிலையைக் கொதிக்கிற நீரில் போட்டுக் கசந்து போய், நீரை 70 டிகிரிக்கு ஆற விட வேண்டும் என்று பிறகு கற்றுக்கொண்டேன். கென்யா, சீனாவின் யுன்னான், அஸ்ஸாம் எல்லாம் வந்தன. நோட்டுப் புத்தகத்தில் 43 பெயர்கள் எழுதி வைத்திருந்தேன்.

2016-ல் அந்த நோட்டைப் புரட்டியபோது ஒன்று உறுத்தியது. 43-ம் ஒரே ஒரு முறை வாங்கியவை. பாதிக்கு மேல் டப்பாவிலேயே மணம் போய்க் கிடந்தன. 'டார்ஜிலிங்: பூ மணம், பிடித்தது' என்று எழுதியிருக்கிறேன். எந்தத் தோட்டம், எந்த மாதம், அடுத்த வருடம் அதே தோட்டத்தில் எப்படி இருந்தது, எதுவும் இல்லை. ஆறு வருடம் குடித்தும் ஒரு தேயிலையைக்கூட நான் தெரிந்துகொள்ளவில்லை.

அந்த வருடக் கடைசியில் ஒரு நண்பர் இலங்கைக்குப் போய் வந்தார். ஊவாவில், பதுளைப் பக்கம் ஒரு தொழிற்சாலையிலேயே வாங்கியது என்று 400 கிராம் பி.ஓ.பி. தூள், அதாவது உடைந்த சிறு இலைத் தூள், கொடுத்தார். ஆகஸ்டில் பறித்தது என்றும் சொன்னார். ஊவா என்ற பெயரைக் கேட்டதும் அப்பாவைப் பெற்ற அப்பாயிதான் ஞாபகத்துக்கு வந்தார். அவர் பிறந்தது, கொழுந்து பறித்தது எல்லாம் அந்த மலையில்தான். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கே குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அதில் ஒருவராக 1972-ல் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு நீலகிரிக்கு வந்தவர்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்தத் தூளை எடுத்துப் போனேன். பால் இல்லாமல் போட்டுக் கொடுத்தேன். அப்பாயி பழைய பழக்கப்படி உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு, ஒரு மடக்கு குடித்தார், கொஞ்சம் சீனியை நக்கினார். எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது மடக்குக்குப் பிறகு, "இது கச்சான் காத்துக் கொழுந்து சாமி" என்றார்.

பொட்டலத்தில் மாதம் எதுவும் அச்சாகவில்லை. நானும் சொல்லவில்லை.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அந்த மாசந்தான தொழிற்சாலைப் பக்கம் போனா இந்த வாடை அடிக்கும். அந்த மாசந்தான எங்களுக்கு அரைப்பேரு விழும்" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மத்திய மலையில் மோதி, மேற்குச் சரிவில் டிம்புளப் பக்கம் மழையைக் கொட்டிவிடும். மலையைத் தாண்டிக் கிழக்கே ஊவாவுக்கு இறங்கும்போது அது வறண்ட காற்று. ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் அதைத்தான் கச்சான் காற்று என்பார்கள். அந்த வறட்சியில் கொழுந்து மெதுவாக வளரும், சுண்டிப்போகும். செடி படும் அந்த அவதியில் இலைக்குள் மெத்தில் சாலிசிலேட் என்ற பொருள் கூடுகிறது. மூட்டு வலிக்குப் பூசும் தைலங்களில் இருக்கிறதே, அதேதான். ஆகஸ்ட் மாத ஊவாத் தேயிலையைக் குடித்தால் நாக்கில் ஒரு குளிர்ச்சியும் மூக்கில் தைல நெடியும் தெரிவது இதனால்தான். உலகம் முழுக்க ஊவாவுக்குப் பெயர் வந்ததும் இந்த மூன்று மாதத் தேயிலையால்தான்.

ஆனால் கொழுந்து வளராவிட்டால் கூடையில் எடை சேராது. தோட்டத்தில் ஒரு நாளைக்கு இத்தனை என்று கணக்கு உண்டு. அது நிறையாவிட்டால் முழுப்பேர் கிடையாது, அரை நாள் கூலி, அதாவது அரைப்பேர். தேயிலைக்கு நல்ல விலை கிடைக்கிற மாதத்தில்தான் அதைப் பறித்தவர்களுக்குக் கூலி குறைந்திருக்கிறது. அவர்கள் குடிக்கக் கிடைத்ததோ சலித்துக் கழித்த தூசி. தன் கையால் பறித்த பருவக் கொழுந்தின் தேநீரை 72 வயதில் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் அப்பாயி முதல் முறையாகக் குடித்தார். வாடையை மட்டும் அத்தனை வருடம் நினைவில் வைத்திருந்தார்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். கப்பலில் கூட்டி வந்தவர்களுக்குக் காகிதம் ஒழுங்காகக் கொடுத்தார்களா என்றால் இல்லை. நான் கல்லூரியில் சேரச் சாதிச் சான்றிதழ் கேட்டபோது ஒரு அலுவலகத்தில் பூர்வீக ஊருக்கு ஆதாரம் கேட்டார்கள். அப்பாயிக்குத் தெரிந்ததெல்லாம் "புதுக்கோட்டைப் பக்கம்" என்பது மட்டுமே. அவருடைய தாத்தா காலத்தில் போன குடும்பம், ஊர்ப் பெயருக்கு எங்கே போவது? இந்திய அரசே கொடுத்த ஆவணத்தை மேசையில் வைத்தும், சிலோன்காரர்களுக்கு இது செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டு வருடம் அலைந்தோம். அங்கே இந்தியாக்காரர், இங்கே சிலோன்காரர். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

சரி, தேயிலைக்கு வருகிறேன். அந்த நாளுக்குப் பிறகு நான் வேறு ஊர் தேடுவதை விட்டுவிட்டேன். சொந்தப் பாசத்தால் ஊவாவைப் பிடித்துக்கொண்டேன் என்று யாராவது சொல்லலாம். ஆரம்பம் பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் நின்ற பிறகுதான் நிறையத் தெரிந்தது. அதே தொழிற்சாலையின் பிப்ரவரி, ஜூன், ஆகஸ்ட், நவம்பர் மாதத் தூள்களைத் தெரிந்தவர்கள் மூலம் வரவழைத்தேன். 100 மில்லி நீருக்கு 2 கிராம் என்று அளந்து, ஒரே நேரத்தில் நாலு கோப்பை போட்டுக் குடித்தேன். நவம்பரில் அங்கே வடகிழக்கு மழை, கொழுந்து தளதளவென்று வரும், தேநீரில் சாயம் உண்டு, மணம் மட்டு. ஜூனில் தைல நெடி லேசாகத் தலைகாட்டுகிறது. ஆகஸ்டில் அது கோப்பை முழுக்க நிற்கிறது. 43 தேயிலைகளைக் குடித்தபோது இத்தனை வேறுபாடு என் நாக்குக்குப் பிடிபட்டதே இல்லை. அத்தனையிலும் நீர், நேரம், அளவு, மாதம் எல்லாமே மாறிக்கொண்டிருந்தன, எது எதனால் என்று பிரிக்க முடியவில்லை.

அப்புறம், ஒரு ஊரை நன்றாகத் தெரிந்துகொண்டால் மற்ற ஊர்களும் தானாகப் புரிகின்றன. ஊவா நனையும்போது மேற்கே டிம்புள காய்கிறது, அதனால் அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல பருவம். எங்கள் நீலகிரியிலும் டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் கொழுந்து வளராமல் முடங்கும்போது செய்கிற ஃப்ராஸ்ட் டீக்குத்தான் தனி மணம். பறிக்கிற கைக்கு அப்போதும் எடை குறைவுதான். வீட்டு வாசலில் இருந்த தேயிலையை நான் கவனிக்கத் தொடங்கியது ஊவாவில் நின்ற பிறகுதான்.

தேடிச் சுவைப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. சுற்றாமல் இருந்திருந்தால் பால் இல்லாத தேநீரே எனக்குத் தெரிந்திருக்காது. புதுசு புதுசாகக் குடிப்பதிலேயே சந்தோஷம் என்பவர்கள் அப்படியே தொடரட்டும், அது அவரவர் விருப்பம். ஆனால் நீங்கள் ஒன்றைப் பிடித்திருக்கிறது என்று எழுதிவிட்டு, அதற்காகவே தயங்குகிறீர்கள். அந்தத் தயக்கம் வேண்டாம்.

அஸ்ஸாமிலேயே இருங்கள். ஆர்த்தடாக்ஸ், அதாவது இலையைச் சுருட்டிச் செய்யும் பழைய முறைத் தேயிலை, செய்கிற ஒரு தோட்டத்தைத் தேர்ந்தெடுத்து, மே, ஜூனில் பறித்த இரண்டாம் துளிரான செகண்ட் ஃப்ளஷ் 100 கிராம், அதே தோட்டத்தில் அக்டோபரில் பறித்தது 100 கிராம் வாங்குங்கள். பொட்டலத்தில் பி.ஓ.பி., ஓ.பி. என்று போட்டிருப்பது இலையின் அளவைத்தான் குறிக்கும், தரத்தை அல்ல. அதனால் இரண்டிலும் ஒரே கிரேடு இருக்கட்டும். பறித்த மாதத்தைக் கேட்டு வாங்குங்கள், சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். ஒரே வாரத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிக் குடியுங்கள். அடுத்த வருடம் அதே தோட்டம், அதே மாதம், மறுபடியும். அதன் பிறகும் வேறு ஊருக்குப் போகத் தோன்றினால் யுன்னானுக்குப் போங்கள். அங்கேயும் அஸ்ஸாமில் உள்ள அதே அகல இலைச் செடிதான், ஆனால் கோப்பையில் வேறு மாதிரி வரும்.