‘வந்து’ குறைய 18,000 ரூபாய் எதற்கு?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு இந்த வருடம் நான்தான் செயலாளர். போன கூட்டத்தில் நான் பேசியதை மகன் போனில் பதிவு செய்திருந்தான். கேட்டால் எனக்கே சகிக்கவில்லை. வாக்கியத்துக்கு இரண்டு ‘வந்து’, நடுநடுவே ‘அதாவது’, ‘ஆக்சுவலா’. அடுத்த மாதம் ஆண்டுப் பொதுக்கூட்டம். ஆண்டறிக்கை, வரவு செலவு எல்லாம் நான்தான் சொல்ல வேண்டும். ஒரு பயிற்சி மையத்தில் 18,000 ரூபாய் கட்டினால் முப்பதே நாளில் ஒரு ‘வந்து’கூட வராமல் செய்துவிடுவோம் என்கிறார்கள். சேரலாமா மேடம்?
– வாசகி, கோவை

பதில்: சேர வேண்டாம். ஒரு ‘வந்து’கூட வராது என்று யாராவது உறுதி கொடுத்தால், அவருக்குப் பேச்சு எப்படி வருகிறது என்று தெரியாது, இல்லை, தெரிந்தே பொய் சொல்கிறார். அடுத்து என்ன சொல்வது என்று மனம் தேடும் நேரத்தில் வாய் போட்டுவைக்கும் ஒலி இது. எல்லா மொழிக்காரர்களுக்கும் உண்டு. ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் ஆங்கிலப் பேச்சை ஆராய்ந்து 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சின்னத் தடங்கலுக்கு முன்னால் ‘அ’ என்றும், பெரிய தடங்கலுக்கு முன்னால் ‘அம்’ என்றும் வருவதை அதில் காட்டினார்கள். ‘இருங்கள், இன்னும் முடிக்கவில்லை’ என்று கேட்பவருக்குக் கொடுக்கும் சைகைதான் அது. பத்து நிமிடப் பேச்சில் நாலைந்து வந்தால் குறையே இல்லை. வாக்கியத்துக்கு இரண்டு என்றால்தான் காது வலிக்கும்.

உங்களுக்கு ஏன் அவ்வளவு வருகிறது? தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். அதுவரை ‘கழுவி, மாற்றி, வாங்கி’ என்று இழுத்துக்கொண்டே போகலாம். முடிக்க இடம் தெரியாமல் போகும்போதுதான் ‘வந்து’ நுழைகிறது. உங்கள் அறிக்கை அநேகமாக இப்படி இருக்கும்: “இந்த வருஷம் வந்து நம்ம டேங்க் வந்து ரெண்டு தடவை கழுவி, அதுக்கப்புறம் வந்து மோட்டார் ரிப்பேராகி, அதாவது அதுக்கு வந்து...” இதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “இந்த வருஷம் டேங்கை ரெண்டு தடவை கழுவினோம். மோட்டார் ஒரு தடவை ரிப்பேர் ஆச்சு. அதுக்கு ஒன்பதாயிரம் செலவாச்சு.” ஒவ்வொரு ‘னோம்’, ‘ஆச்சு’ வந்ததும் உதட்டை மூடி, மூக்கால் ஒரு மூச்சு. அதற்குள் அடுத்த வாக்கியம் கிடைத்துவிடும். உதடு மூடியிருந்தால் ‘வந்து’ வெளியே வர வழியில்லை. அந்த ஒரு மூச்சு உங்களுக்கு ஒரு யுகம் போல இருக்கும். கேட்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. பதிவு செய்து போட்டுக் கேளுங்கள், நம்புவீர்கள்.

தினமும் இரண்டு நிமிடம், வீட்டுச் செலவையோ பால் கணக்கையோ இப்படி வினைமுற்றில் முடித்து முடித்துப் பேசிப் பதிவு செய்யுங்கள். ‘வந்து’வை எண்ணாதீர்கள். முடிந்த வாக்கியங்களை எண்ணுங்கள்.

அறிக்கையை மனப்பாடம் மட்டும் செய்யாதீர்கள். ஒரு வரி மறந்தால் மொத்தமும் போய்விடும். அப்போது வருகிற ‘வந்து’ வெள்ளத்தை நிறுத்த முடியாது. நம் பள்ளிகள் செய்த கெடுதல் இது. பன்னிரண்டு வருடம் படிக்கவைத்து, பேச்சுப் போட்டி என்றால் தமிழாசிரியர் எழுதிக் கொடுத்ததை உருப்போட்டு ஒப்பிக்கச் சொல்கிறார்கள். சொந்தமாக நாலு வாக்கியம் யோசித்துப் பேச ஒரு வகுப்புகூட ஒதுக்குவதில்லை. அந்த ஓட்டையில்தான் இந்தப் பயிற்சி மையங்கள் பணம் பார்க்கின்றன. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம், கேட்பாரில்லை. முதல் நாளே முழுப் பணம், ரசீதுக்குப் பதில் ‘சான்றிதழ்’, சுவரில் பெரிய மனிதர்களுடன் எடுத்த போட்டோ, இந்த மூன்றும் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். கூட்டத்தின் முன் பழகத்தான் வேண்டும் என்றால், உறுப்பினர்கள் ஒருவர் முன் ஒருவர் பேசிப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம் ஒன்றுக்கு விருந்தினராகப் போய்ப் பாருங்கள். 1924இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அமைப்பு, கோவையிலும் மன்றங்கள் உண்டு. அங்கே ஒருவர் உங்கள் ‘அ’, ‘ம்’களை எண்ணிச் சொல்வார். முதல் வாரமே அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், பயம்தான் கூடும்.

ஒரு விஷயத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். உங்கள் ‘வந்து’ எந்த இடத்தில் வருகிறது? குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னாலேயே வருகிறதா? சொல்ல வேண்டிய சொல் நன்றாகத் தெரிந்தும் தொண்டை அடைத்துக்கொள்கிறதா? சொந்தப் பெயரைச் சொல்லத் தடுமாறி, ‘வந்து’ போட்டுத் தள்ளிவிட்டுச் சொல்கிறீர்களா? போனில் பேசுவதையே தவிர்க்கிறீர்களா? அப்படியானால் அது திக்கலாக இருக்கலாம். திக்குகிற பலர் இப்படி ஒரு சொல்லை முன்னால் போட்டு வருடக்கணக்கில் மறைத்துவிடுகிறார்கள். அவர்களிடம் ‘வந்து போடாதே’ என்றால் ஊன்றுகோலைப் பிடுங்கியதாகிவிடும். மேடைப்பேச்சுப் பயிற்சியாளரிடம் இதற்குத் தீர்வு கிடையாது. பேச்சு மொழி சிகிச்சையாளரிடம் போங்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்டு, பதிவு எண்ணையும் வாங்கிப் பாருங்கள். மைசூரில் மத்திய அரசின் அகில இந்திய பேச்சு, கேட்டல் நிறுவனம் 1965 முதல் இருக்கிறது, அங்கேயும் காட்டலாம். நாக்குக்கு அடியில் வெட்டினால், மருந்து தடவினால் திக்கல் போகும் என்று விளம்பரம் செய்பவர்களிடம் மட்டும் போகவே போகாதீர்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுக்கு அது இல்லை என்றே தோன்றுகிறது. ஆனாலும் பதிவை இன்னொரு தடவை இந்தக் காதோடு கேளுங்கள்.

பொதுக்கூட்டத்துக்கு ஒரு அட்டை போதும். தலைப்பு, தொகை, கடைசி வினைச்சொல், அவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். முதல் வாக்கியம் ஒன்றை மட்டும் அப்படியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது எழுந்து கேள்வி கேட்டால் உடனே வாயைத் திறக்க வேண்டாம். கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள், யோசிக்க நேரம் கிடைக்கும். கணக்குக் கேள்வி என்றால் பொருளாளரைப் பக்கத்திலேயே உட்காரவைத்து அவரிடம் கொடுத்துவிடுங்கள். அதைச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.