பத்து வராது, பரவாயில்லையா?

கேள்வி: போன இதழில் வேறொருவருக்குப் பதில் சொல்லும்போது, இரவில் கொஞ்ச நேரம் வீடியோ கேம் ஆடுவதுண்டு என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். புத்தகம், இலக்கியம் என்று பேசுகிற நீங்கள் இப்படி நேரத்தை வீணடிக்கலாமா? சரி, ஆடுவது என்று ஆகிவிட்டது. உங்களுக்குப் பிடித்த பத்து கன்சோல் கேம்களை (டிவியோடு பெட்டியை இணைத்து ஆடுபவை) வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் கதைச் சுருக்கமும் தாருங்கள். என் மகன் ஒரு பட்டியல் வைத்திருக்கிறான். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், ஈரோடு

பதில்: வீணடிக்கலாமா என்று திட்டிவிட்டு, அடுத்த மூச்சில் பத்து கேட்கிறீர்கள். வீண் என்றால் ஒன்றுகூட அதிகம்தானே? உங்களுக்கு வேண்டியது என் ரசனை இல்லை என்று தோன்றுகிறது. 'பார், ஆசிரியரே இதைச் சொல்லவில்லை' என்று மகனை மடக்க ஒரு காகிதம் வேண்டும். அதற்கு நான் ஆளில்லை. பிடித்தவற்றைச் சொல்கிறேன். வரிசை எண் கிடையாது. பத்தும் வராது.

கதைச் சுருக்கம் கேட்டீர்கள் பாருங்கள், உங்களுக்கும் எனக்கும் வழக்கு அங்கேதான். கதை வேண்டும் என்றால் எனக்கு அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. எனக்குப் பிடித்த கேம்களின் கதையை எழுதினால் ஒவ்வொன்றும் ஒரு வரிக்கு மேல் போகாது. 'இளவரசியை யாரோ தூக்கிப் போய்விட்டார்கள், போய் மீட்டு வா.' இதைச் சொல்லி உங்கள் மகனிடம் நீங்கள் மரியாதை வாங்க முடியாது. அந்த ஒரு வரிக்குள் விரல்கள் என்ன செய்கின்றன என்பதுதான் எனக்கு முக்கியம்.

சூப்பர் மாரியோ பிரதர்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1985இல் ஜப்பானில் வந்தது. நம் பக்கம் 90களில் டிவியோடு இணைத்து ஆடிய பெட்டிகள் பெரும்பாலும் நின்டெண்டோ என்ற ஜப்பானிய கம்பெனியின் பெட்டிக்கு நகல்கள். கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று போட்டிருப்பான். உள்ளே இருப்பது சில கேம்கள்தான், அதுவே பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும். படம் வராவிட்டால் கேசட்டைப் பிடுங்கி அடியில் வாயால் ஊதி மறுபடி செருகுவோம். அதனால் பயன் உண்டா இல்லையா என்று யாரும் கேட்டதில்லை. ஊதினோம், படம் வந்தது.

அதன் முதல் லெவலில் முதல் சில நொடிகளைப் பாருங்கள். மாரியோ திரையின் இடது ஓரத்தில் நிற்கிறான், வலது பக்கம் வெறுமையாக இருக்கிறது. போக வேண்டிய திசை தெரிந்துவிட்டது. எதிரே காளான் போல ஒன்று முறைத்துக்கொண்டு வருகிறது. தாண்டாவிட்டால் செத்தீர்கள். செத்தாலும் நட்டமில்லை, தொடங்கிச் சில நொடிதான் ஆகியிருக்கிறது. அப்புறம் கேள்விக்குறி போட்ட கட்டையை முட்டினால் இன்னொரு காளான் வெளியே வரும். போன காளான் கொன்றதால் இதைக் கண்டும் பயந்து ஓடப் பார்ப்பீர்கள். அது வலப்பக்கம் போய்க் குழாயில் மோதித் திரும்பி உங்களை நோக்கி வரும். தாண்டிக் குதித்தால் தலைக்கு மேலே உள்ள கட்டைகள் தட்டிக் கீழே தள்ளும். எப்படியும் அது உங்கள் மேல் படும். பட்டதும் மாரியோ வளர்ந்துவிடுவான்! நல்ல காளான் எது, கெட்ட காளான் எது என்று ஒரு வார்த்தை எழுதாமல் பாடம் முடிந்தது. இது தற்செயல் இல்லை, திட்டமிட்டு வைத்ததுதான் என்று அதை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ பின்னாளில் விளக்கியிருக்கிறார். கேம் மொத்தமும் 40 கிலோபைட். உங்களுக்கு வாட்ஸப்பில் வரும் காலை வணக்கப் படம் இதைவிடப் பெரியது.

குதிப்பதிலும் ஒன்று இருக்கிறது. பட்டனைத் தட்டினால் சின்னக் குதி, அழுத்திப் பிடித்தால் பெரிய குதி. காற்றில் இருக்கும்போதே கொஞ்சம் திரும்பவும் முடியும். நிஜத்தில் யாராலும் முடியாது, ஆனால் ஆடிப்பார்த்தவருக்கு அப்படித்தான் குதிக்க வேண்டும் என்று தோன்றும்.

அடுத்ததாக, என்னை இந்த விஷயத்தில் உட்காரவைத்த இரண்டு. இரண்டுமே சோனியின் பிளேஸ்டேஷன் 2 பெட்டிக்காக ஃபுமிட்டோ உவேதா என்ற ஜப்பானியர் வடிவமைத்தவை. முதலாவது ஐகோ, 2001. கொம்பு முளைத்ததற்காக ஊரார் ஒரு பையனைக் கோட்டையில் அடைத்துவிட்டுப் போகிறார்கள். அங்கே யோர்டா என்ற பெண் இருக்கிறாள். அவள் பேசுவது அவனுக்குப் புரியாது, நமக்கும் புரியாது. கன்ட்ரோலரில் ஆர்1 பட்டனை அழுத்திப் பிடித்தால் பையன் அவள் கையைப் பிடித்துக்கொள்வான். விட்டால் விட்டுவிடுவான். அவ்வளவுதான் கேம். அவளை இழுத்துக்கொண்டு ஓடும்போது கன்ட்ரோலர் லேசாக அதிரும். அவளைத் தனியே நிறுத்திவிட்டுப் பூட்டைத் திறக்கப் போனால், நிழல் உருவங்கள் வந்து அவளைத் தூக்கிப் போகும். திரையில் மதிப்பெண் இல்லை, உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கோடு இல்லை. ஆட்டத்தைச் சேமிக்க ஒரு கல் சோபாவில் இருவரும் உட்கார வேண்டும். விரல் வலிக்கிறது என்று பட்டனை விட்டால் மனதில் ஒரு சின்னப் பதற்றம் வரும். அந்தப் பதற்றத்துக்குச் சுருக்கம் எழுத எனக்குத் தெரியாது.

இரண்டாவது ஷேடோ ஆஃப் தி கொலோசஸ், 2005. இறந்துபோன பெண்ணை மீட்க, ஆளரவமற்ற ஒரு நிலத்தில் இருக்கும் 16 ராட்சத உருவங்களைக் கொல்ல வேண்டும். வேறு எதிரியே கிடையாது. வாளை வெயிலில் உயர்த்தினால் ஒளி எந்தப் பக்கம் குவிகிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும். அக்ரோ என்ற குதிரை சொன்னபடி கேட்காது, தானாகவே கொஞ்சம் யோசித்துத்தான் ஓடும். எனக்கு அந்தக் குதிரையை ரொம்பப் பிடிக்கும். ராட்சதனை அடைந்ததும் அதன் ரோமத்தைப் பிடித்து ஏற வேண்டும். பிடிக்க எந்த பட்டன் தெரியுமா? அதே ஆர்1. போன கேமில் ஒருத்தியின் கையைப் பிடித்த அதே விரல், இதில் சாகடிக்கப் போகும் ஒன்றின் முடியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. பிடிமானம் குறையக் குறையத் திரையின் ஓரத்தில் ஒரு வட்டம் சுருங்கும். ராட்சதன் உடம்பை உதறும்போது நாம் மேலும் இறுக்கி அழுத்துவோம். இறுக்கியதால் கேமில் ஒன்றும் ஆகப்போவதில்லை. தெரிந்தும் அழுத்துவோம்.

பதின்மூன்றாவது ராட்சதன் பாலைவன மணலுக்குள்ளிருந்து எழுந்து வானத்தில் பறக்கும். நீளமான உடல், பாம்பு மாதிரி. நம்மை அது ஒன்றுமே செய்யாது. தாக்காது, துரத்தாது, தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். குதிரையில் விரட்டிப் போய் அதன் அடிவயிற்றில் இருக்கும் காற்றுப்பைகளை அம்பால் உடைக்க வேண்டும். அப்போது அது தாழ்ந்து வரும், துடுப்பு போன்ற சிறகு மணலை உரசும். ஓடுகிற குதிரையிலிருந்து அதன் மேல் தாவ வேண்டும். தாவும்போது உங்களுக்கு வரும் சந்தோஷம் இருக்கிறதே, அது அசல். மேலே ஏறி வாளை இறக்கி அது விழுந்து முடித்ததும் வெற்றி முழக்கம் வரும் என்று பார்த்தால், இழவு வீட்டு இசை வரும். நான் ஏன் இதைச் செய்தேன் என்று கேட்க வேண்டியவர் கதாநாயகன் இல்லை, நீங்கள். ஏனென்றால் பட்டனை அழுத்தியது நீங்கள். ஒரு நாவல் என்னை அழவைக்கும், வெட்கப்படவும் வைக்கும். ஆனால் அதில் கொலையை நான் செய்திருக்க மாட்டேன். 2018இல் இதைப் பிளேஸ்டேஷன் 4க்கு முழுக்கப் புதிதாகச் செய்தார்கள். படம் பளிச்சென்று இருக்கிறது, எனக்கு அந்தப் பழைய மங்கல்தான் பிடிக்கும்.

மெட்டல் கியர் சாலிட், 1998, முதல் பிளேஸ்டேஷன். இதில் பேச்சு அதிகம், சில இடங்களில் கொட்டாவி வரும். ஆனால் அதை உருவாக்கிய ஹிடியோ கோஜிமாவின் குறும்புக்காக அதை மன்னிக்கலாம். மனதைப் படிக்கிறேன் என்று ஒரு வில்லன் வருவான். ஆட்டங்களைச் சேமித்து வைக்கும் உங்கள் மெமரி கார்டைப் பார்த்து, அதே கம்பெனியின் வேறு எந்த கேமை ஆடியிருக்கிறீர்கள் என்று சொல்வான். கன்ட்ரோலரைத் தரையில் வை என்பான், வைத்தால் அதைத் தன் சக்தியால் நகர்த்திக் காட்டுவான். உள்ளே அதிர்வு மோட்டார்தான் ஓடுகிறது, தெரிந்தும் சிலிர்க்கும். அவனை ஜெயிக்க, கன்ட்ரோலரைப் பிடுங்கி இரண்டாவது துளையில் செருக வேண்டும். இன்னோர் இடத்தில் மெரில் என்ற பெண்ணை வயர்லெஸ்ஸில் கூப்பிட வேண்டும், எண் சிடி பெட்டியின் பின்பக்கம் இருக்கிறது என்பார்கள். கேமுக்குள் கையில் ஒரு வட்டு வேறு கொடுத்திருப்பார்கள், அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து ஏமாறுவோம். எண் இருப்பது நிஜப் பெட்டியின் அட்டையில், ஒரு சின்னப் படத்துக்குள்: 140.15. கள்ள சிடியை பிளாஸ்டிக் உறையில் போட்டு வாங்கிய நம்மூர்க்காரர்களுக்குப் பெட்டி ஏது, அட்டை ஏது? காசு கொடுத்து வாங்கியவனுக்கு மட்டும் மெரில் எடுப்பாள்.

ஜர்னி, 2012, பிளேஸ்டேஷன் 3. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். பாலைவனத்தில் நடந்து ஒரு மலைக்குப் போக வேண்டும். வழியில் இணையம் மூலம் உலகின் எந்த மூலையிலிருந்தோ ஒருவர் வந்து சேர்வார். பெயர் தெரியாது, பேச முடியாது, ஒரு சின்ன ஓசை மட்டும் எழுப்பலாம். இதைச் செய்தபோது நடந்ததாக அதன் வடிவமைப்பாளர் ஜெனோவா சென் சொன்னது எனக்குக் கேமைவிடப் பிடிக்கும். ஆரம்ப வடிவத்தில் இருவர் உடலும் ஒன்றோடொன்று மோதும்படி வைத்திருந்தார்களாம். உதவிக்கொள்வார்கள் என்று பார்த்தால், ஒருவரை ஒருவர் பள்ளத்தில் தள்ளிவிட்டுச் சிரித்தார்களாம். மோதலை எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு, அருகில் வந்து தொட்டால் இருவருக்கும் பறக்கும் சக்தி கூடும் என்று வைத்தார்கள். ஆட்கள் அதே ஆட்கள்தான், நடத்தை மாறிவிட்டது. முடிவில்தான் உடன் வந்தவரின் பெயர் திரையில் வரும், அதற்குள் அவர் போயிருப்பார்.

பிரதர்ஸ் என்று 2013இல் ஒன்று வந்தது. கன்ட்ரோலரின் இடது குச்சி அண்ணன், வலது குச்சி தம்பி, இரண்டு பேரையும் ஒரே ஆள் ஓட்ட வேண்டும். முதலில் கைகள் பின்னிக்கொள்ளும், எரிச்சலாக இருக்கும். முடிவில் ஓர் இடத்தில் எந்தப் பக்கத்து பட்டனை அழுத்த வேண்டும் என்பதில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது. சொல்லமாட்டேன்.

இல்லாதவற்றைப் பற்றியும் கேட்பீர்கள். மகனின் பட்டியலில் வண்டி திருடியும் சுட்டும் ஆடுகிற ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) இருக்கும், உங்கள் கோபமே அதனால்தான் என்று ஊகிக்கிறேன். அந்த வரிசையில் 2004இல் வந்த சான் ஆண்ட்ரியாஸை நானும் ஆடியிருக்கிறேன். கேம் கொடுக்கும் வேலையை விட்டுவிட்டு ரேடியோவைப் போட்டுக்கொண்டு அதிலுள்ள சிலியட் மலைப்பக்கம் வண்டி ஓட்டிப் போவது அருமை. மிஷன் என்கிற அந்த வேலை தொடங்கியதும் அவனைத் துரத்து, இவனைச் சுடு, சொன்ன வழியில் போகாவிட்டால் தோல்வி. அத்தனை பெரிய ஊரைக் கட்டிவிட்டு என்னை எடுபிடி ஆக்குகிறான். என் பட்டியலில் அது இல்லாததற்குக் காரணம் இதுதான், ஒழுக்கம் இல்லை. ஒழுக்கம் உங்கள் இலாகா. அட்டையின் மூலையில் 18 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கடைக்காரர் பார்க்கமாட்டார், நீங்கள் பார்த்திருக்கலாம். மகனுக்கு என்ன வயது என்று கடிதத்தில் எங்கும் இல்லை.

அன்சார்டட்: தி லாஸ்ட் லெகசி, 2017, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் நடக்கிறது, ஹொய்சாளர் நகரத்தைத் தேடிப் போகிறார்கள். யானை, அருவி, சிற்பம் எல்லாம் கண்ணுக்கு விருந்து. ஆனால் கர்நாடகத்தில் ஹொய்சாளரின் நிஜத் தலைநகராக இருந்த ஹளேபீடுக்கு ஹாசனிலிருந்து பேருந்து இருக்கிறது என்பது நினைவுக்கு வந்து சிரிப்பு வந்துவிட்டது. முக்கியமானதெல்லாம் காட்சியாக ஓடிவிடுகிறது, கைக்கு மிஞ்சுவது ஏறுவதும் சுடுவதும்தான். உங்களுக்குப் பிடிக்கும். கதைச் சுருக்கம் நன்றாக வரும்.

இவற்றை எங்கே வாங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்க வேண்டும். ஷேடோ ஆஃப் தி கொலோசஸும் ஜர்னியும் பிளேஸ்டேஷன் 4இல் கிடைக்கும். மெட்டல் கியரை 2023இல் பழைய கேம்களின் தொகுப்பாக மறுபடி விட்டார்கள். ஐகோதான் சிக்கல். 2011இல் பிளேஸ்டேஷன் 3க்கு மெருகேற்றி வெளியிட்டார்கள், அதற்குப் பின்வந்த பெட்டிகளுக்குத் தனியாக வரவில்லை. உங்கள் மகனைக் கேளுங்கள், அவனுக்கு ஏதாவது வழி தெரிந்திருக்கும். சட்டப்படியான வழிதானா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.