பசிபிக் தீவு நாடுகள்ல அரசியல்னு சொல்லிக்கிற மாதிரி ஏதாச்சும் நடக்குமா? ஒரே ஒரு வருஷம் எடுத்து சொல்லுங்க

சமோவா, 2021. யோசிக்கவே வேண்டாம்.

ரெண்டு லட்சம் பேர்தான் மொத்த ஜனத்தொகை. அங்க 1982லேர்ந்து, நடுவுல கொஞ்ச காலம் தவிர, எச்.ஆர்.பி.பி.ன்னு ஒரே கட்சி ஆட்சி. 1998லேர்ந்து துய்லாய்பா சைலேலேன்னு ஒரே பிரதமர். மனுஷன் சும்மா இல்ல, 2009ல மொத்த நாட்டையும் ரோட்டுல வலது பக்கத்துலேர்ந்து இடது பக்கத்துக்கு மாத்தினாரு, 2011ல டிசம்பர் 30ம் தேதியையே காலண்டர்லேர்ந்து தூக்கிட்டு தேதிக்கோட்டுக்கு இந்தப்பக்கம் நாட்ட கொண்டு வந்தாரு. 2016 தேர்தலுக்கு அப்புறம் அங்கீகாரம் பெற்ற எதிர்க்கட்சின்னு ஒண்ணே இல்ல. அப்படிப்பட்ட ஆள எப்படி சாய்ச்சாங்கங்கறதுதான் கதை.

ஆரம்பம் 2020ல. நிலம், குலப்பட்டம் சம்பந்தமான வழக்குகள பாக்குற கோர்ட்ட சுப்ரீம் கோர்ட்டோட மேற்பார்வைலேர்ந்து பிரிச்சு தனியா வைக்க மூணு மசோதா கொண்டு வந்தாங்க. சமோவால 80 சதவீதத்துக்கு மேல நிலம் பரம்பரை நிலம், மதாய்னு சொல்ற குடும்பத் தலைவர்கள் கைல இருக்கு, தேர்தல்ல நிக்கவே மதாய் பட்டம் வேணும், அதனால இத தொட்டா எல்லார் வீட்டையும் தொட்ட மாதிரி. துணைப் பிரதமரா இருந்த ஃபியாமே நவோமி மதாஃபா இத எதிர்த்து செப்டம்பர்ல ராஜினாமா பண்ணிட்டு, லாவுலிங்கறவர் புதுசா ஆரம்பிச்ச ஃபாஸ்ட் கட்சிக்கு போய் தலைவரானாங்க. இவங்க லேசுப்பட்ட ஆள் இல்ல. அப்பாதான் நாட்டோட முதல் பிரதமர், இவங்க 1985லேர்ந்து எம்.பி., முதல் பெண் அமைச்சரும் இவங்கதான்.

2021 ஏப்ரல் 9 தேர்தல். 51 சீட்டுல ஆளுங்கட்சிக்கு 25, ஃபாஸ்ட்டுக்கு 25, ஒரு சுயேச்சை. இங்க ஒண்ணு சொல்லணும், ஏன்னா நிறைய பேர் இத விட்டுட்டு மக்கள் எழுச்சி அது இதுன்னு எழுதுறாங்க. மொத்த ஓட்டுல ஆளுங்கட்சிக்கு 55 சதவீதம் கிட்ட, ஃபாஸ்ட்டுக்கு 37 கிட்டதான். ஆளுங்கட்சி ஒரே தொகுதில ரெண்டு மூணு பேர தன்னோட வேட்பாளரா நிக்க விட்டுச்சு, ஓட்டு அவங்களுக்குள்ளயே பிரிஞ்சு போச்சு. தோக்கவே மாட்டோம்ங்கற தெனாவட்டுதான், வேற என்ன.

சரி, அந்த சுயேச்சை துவாலா யோசெஃபோ எந்தப்பக்கம்னு நாடே பாத்துட்டு இருக்கு. ஏப்ரல் 20 ராத்திரி திடீர்னு தேர்தல் ஆணையர் ஒரு குண்டு போட்டாரு: சபைல பெண்கள் 10 சதவீதம் இருக்கணும்னு சட்டம், 51ல 5 பேர்னா 9.8தான் வருது, அதனால ஆறாவதா ஒரு பெண் எம்.பி. நியமனம். அந்தம்மா ஆளுங்கட்சிக்காரங்க! 26க்கு 25. மறுநாள் சுயேச்சை ஃபாஸ்ட்டுல சேர, 26க்கு 26. அதாவது பெண்களுக்காக கொண்டு வந்த ஒரு சட்டத்த வச்சு, முதல் பெண் பிரதமர் வந்துடாம பாத்துக்குறாங்க. இந்தக் கூத்த நானா யோசிச்சு எழுதியிருந்தா யாரும் நம்பியிருக்க மாட்டீங்க.

சமம் ஆனதால மறுதேர்தல்னு நாட்டுத் தலைவர் (நம்ம ஜனாதிபதி மாதிரி பதவி, பிரதமர் இல்ல) அறிவிச்சாரு, மே 17ல சுப்ரீம் கோர்ட் அதையும் ரத்து பண்ணி ஆறாவது சீட்டையும் ரத்து பண்ணிடுச்சு. (ஜூன்ல அப்பீல் கோர்ட், 10 சதவீதம்னா ஆறு பேர்தான் ஆனா எல்லா தேர்தல் வழக்கும் இடைத்தேர்தலும் முடிஞ்ச பிறகுதான் நியமிக்கலாம்னு சொன்னது தனி.) இப்போ பிடி எங்க இருக்குன்னா, தேர்தல் முடிஞ்சு 45 நாளுக்குள்ள சபை கூடணும்னு அரசியல் சாசனம் சொல்லுது. மே 24 கடைசி நாள். கூடலாம்னு உத்தரவு போட்ட நாட்டுத் தலைவரே சனிக்கிழமை ராத்திரி அத நிறுத்தி வச்சாரு, ஞாயித்துக்கிழமைய அவ்ளோ புனிதமா பாக்குற ஊர்ல ஞாயித்துக்கிழமையே கோர்ட்ட கூட்டி அந்த நிறுத்தம் செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னாங்க.

திங்கக்கிழமை அபியால முலினூ பக்கம் இருக்குற பார்லிமென்ட்டுக்கு ஃபியாமேயும் எம்.பி.க்களும் போறாங்க, கதவு பூட்டு. தலைமை நீதிபதி பெரேசே சிவப்பு அங்கி, விக் எல்லாம் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறாரு, அவருக்கும் கதவு பூட்டுதான். சாயங்காலம் வரை பாத்துட்டு, புல்தரைலயே ஒரு ஷாமியானா போட்டு, நாற்காலி போட்டு, பாட்டு பாடி, வக்கீல்கள வச்சு பதவிப் பிரமாணம் எடுத்துக்கிட்டாங்க. நேரலைல பாத்தப்போ கல்யாணம் நடக்குற வீடுன்னுதான் எனக்கு தோணுச்சு. சுத்தி போலீஸ் இருந்தாங்க, ஒரு அடிதடி கிடையாது. இது தேசத்துரோகம்னு துய்லாய்பா கத்துனாரு. ரெண்டு மாசம் ஒரு நாட்டுக்கு ரெண்டு பிரதமர்.

ஜூலை 23ல அப்பீல் கோர்ட், ஷாமியானால எடுத்த பிரமாணம் செல்லும், அன்னைலேர்ந்தே ஃபாஸ்ட்தான் அரசாங்கம்னு முடிச்சு வச்சுது. 26ம் தேதி கிழவர் இறங்கி வந்துட்டாரு. ஃபியாமே வந்ததும் சீனக் கடன்ல கட்டுறதா இருந்த, 10 கோடி டாலர் வையுசு துறைமுகத் திட்டத்த ஓரங்கட்டுனாங்க, கடன் ஏற்கனவே கழுத்த நெரிக்குதுன்னு. கோடைல கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுற பழைய ஆட்சியோட பழக்கத்தயும் தூக்கிட்டாங்க.

ஆனா இத நல்லவங்க கெட்டவங்க கதையா மட்டும் படிக்காதீங்க. செப்டம்பர் 14 சபை கூடுனப்போ எச்.ஆர்.பி.பி. எம்.பி.க்கள ரோட்டுலயே போலீஸ் மறிச்சு உள்ள விடல, காரணம் அவங்க இன்னும் பிரமாணம் எடுக்கலையாம். பூட்டின கதவுக்கு வெளிய நின்னவங்க நாலு மாசத்துல அடுத்தவன வெளிய நிக்க வச்சாங்க. அப்பவும் சுப்ரீம் கோர்ட்தான் உத்தரவு போட்டு 17ம் தேதி அவங்கள உள்ள விட வச்சுது. என் கணக்குல அந்த வருஷத்தோட ஹீரோ ஃபியாமே இல்ல, அந்த நீதிபதிகள்தான். அவங்கதான் ரெண்டு பக்கத்தையும் ஒரே அளவுகோல்ல அளந்தாங்க.

ஃபியாமே இப்போ எங்கன்னு கமெண்ட்ல கேப்பீங்க. 2025 ஜனவரில சொந்தக் கட்சியே வெளிய தள்ளிடுச்சு, மே மாசம் பட்ஜெட் சபைல தோத்துச்சு, லாவுலி கோஷ்டியும் எச்.ஆர்.பி.பி.யும் சேர்ந்தே எதிர்த்து ஓட்டு போட்டாங்க. ஆகஸ்ட் தேர்தல்ல ஃபாஸ்ட் ஜெயிச்சு லாவுலி பிரதமர் ஆயிட்டாரு.