சுவரை இடிக்காதீர்கள், சிமெண்ட்டை உரியுங்கள்

கேள்வி: தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் தாத்தா காலத்துக் கருங்கல் வீடும், அதை ஒட்டி மாட்டுக் கட்டுத்தறியும் இருக்கின்றன. மண் சாந்து வைத்துக் கட்டிய சுவர். மேலே மங்களூர் ஓடு. ஓட்டில் 1868 என்று இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் உள்ளும் புறமும் சிமெண்ட் பூசிப் பெயிண்ட் அடித்தோம். இப்போது இடுப்பளவுக்குப் பெயிண்ட் உப்பி, வெள்ளை மாவாக உதிர்கிறது. சுவர் இற்றுவிட்டது, ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் தளம் போட்டால்தான் வீடு தாங்கும் என்கிறார் கொத்தனார். கட்டுத்தறியை விருந்தினர் அறையாக மாற்றவும் ஆசை. என்ன செய்யலாம், ஐயா?

பதில்: தளத்தை முதலில் மறந்துவிடுங்கள். 5 அங்குலக் கான்கிரீட் சதுர அடிக்கு ஏறக்குறைய 29 கிலோ கனம். பத்துக்கு இருபது அறை என்றால் கிட்டத்தட்ட 6 டன். ஓடும் மரமும் சேர்ந்து அதில் நாலில் ஒரு பங்குகூட வராது. மண் சாந்துச் சுவரின் தலையில் இதை ஏற்றினால் வீடு தாங்காது. சுவர்தான் வயிறு தள்ளும். ஓடு மாற்ற ஆள் கிடைக்காத காலத்தில் கொத்தனாரையும் முழுக்கக் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் அவர் சொல்லும் மருந்து, நோயைவிட மோசம்.

சுவர் இற்றுப்போகவில்லை. உங்கள் சுவர் ஒன்றரை, இரண்டு அடி கனம் இருக்கும். அது ஒரே சுவர் அல்ல. உள்முகம் ஒன்று, வெளிமுகம் ஒன்று, நடுவே சில்லுக் கல்லும் மண்ணும். இந்த இரண்டு முகங்களும் பிரிந்துவிடாமல் அங்கங்கே நீளமான குறுக்குக் கல் பிடித்திருக்கும். கருங்கல் நீர் குடிப்பதே இல்லை என்று சொல்லலாம். ஈரம் ஏறுவதும் இறங்குவதும் கல்லுக்கு இடையிலுள்ள மண்ணின் வழியாகத்தான். ஐப்பசி, கார்த்திகையில் ஏறிய ஈரம், கோடையில் அந்தச் சந்துகள் வழியாகவே காற்றில் போய்விடும். இத்தனை வருடம் அப்படித்தான் நடந்தது. நீங்கள் இருபுறமும் சிமெண்ட் பூசி ஈரம் போகும் வழியை அடைத்துவிட்டீர்கள். ஈரம் வெளியேற இடமில்லாமல் மேலே ஏறுகிறது. பூச்சில் கிடைத்த விரிசலில் எட்டிப்பார்க்கிறது. நீர் ஆவியாக, அது சுமந்துவந்த உப்பு மட்டும் பூச்சுக்குப் பின்னால் படிகமாக நின்று, பெயிண்டை நெம்பித் தள்ளுகிறது. நீங்கள் காணும் வெள்ளை மாவு அதுதான்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். சின்னச் சுத்தியலால் தரையிலிருந்து மேலாகச் சுவரை மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். பிடித்திருக்கும் இடத்தில் ‘டங்’ என்று இறுகிய சத்தம் வரும். விட்டுப்போன இடம் பறையில் தட்டியதுபோல் வெற்றாக ஒலிக்கும். அந்த இடத்திலிருந்துதான் உரிக்கத் தொடங்க வேண்டும். உளியும் சுத்தியலும் போதும். மின்சார உடைப்பான் வேண்டாம், அதன் அதிர்வில் நடு மண் சரிந்துவிடும். உதிரும் உப்பைத் துடைப்பத்தால் உலர்வாகக் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும்.

உரித்த பிறகு ஒரு கோடை முழுக்கச் சுவரை அப்படியே விடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்குள் வெளியே ஒரு வேலை இருக்கிறது. வருடக் கணக்கில் எருவும் மண்ணும் கொட்டி வாசல் மட்டம் மேலேறி, வீட்டின் உள்தரைக்குச் சமமாகவோ அதற்கும் மேலாகவோ வந்திருக்கும். அதை வெட்டி இறக்கி, இறவாணத்திலிருந்து (கூரை விளிம்பு) விழும் தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி வாட்டம் கொடுங்கள். சுவரை ஒட்டிச் சிமெண்ட் தரை போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பாதி ஈரம் இதிலேயே நின்றுவிடும்.

பிறகு சந்துகளை ஓர் அங்குல ஆழம் சுரண்டி, சுண்ணாம்புச் சாந்தால் நிரப்புங்கள். வெளிப்புறத்தைப் பூசவே வேண்டாம், கல் தெரியட்டும். உள்ளே மட்டும் ஒன்றுக்கு மூன்று மணல் கலந்த சுண்ணாம்புப் பூச்சு. சுக்கான்கல் சுண்ணாம்பு கிடைத்தால் விடாதீர்கள். அதிலுள்ள களிமண் சத்தால் ஈரத்திலும் கொஞ்சம் இறுகும். சாந்தில் கடுக்காய், கருப்பட்டி சேர்ப்பதும் உண்டு; ஆனால் சுண்ணாம்பைத் தண்ணீரில் நன்றாக நீற்றிப் புளிக்கவைக்காமல் கடுக்காயை மட்டும் கொட்டிப் பயனில்லை. ஆடிக் காற்றில் இந்த வேலையைத் தொடாதீர்கள், பூச்சு இறுகுமுன் காய்ந்து வெடிக்கும். மழை ஓய்ந்த மார்கழி, தை நல்ல காலம். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான். பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் பழைய கதைதான்.

கூரையில் பனஞ்சட்டங்கள் இருந்தால், அவை சுவருக்குள் நுழையும் முனைகளைக் கத்தியால் குத்திப் பாருங்கள். ஈரச் சுவரில் முதலில் உளுத்துப்போவது அந்த ஒரு சாண்தான்.

1868-ஐ வைத்து வீட்டுக்கு வயது கணக்குப் போட வேண்டாம். மங்களூரில் ஆல்புகர்க் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம் அது. அங்கேயே ஓடு சுட்ட பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் ஓடுகளில் 1865 இருக்கும். பின்னால் எத்தனையோ வருடம் கழித்துச் சுட்ட ஓட்டிலும் அதே எண்ணைத்தான் பதித்தார்கள்.

கட்டுத்தறிதான் சிக்கலான இடம். எத்தனையோ தலைமுறை மாட்டு மூத்திரம் தரையிலும் சுவரடியிலும் ஊறியிருக்கிறது. அது மண்ணில் வெடியுப்பாக மாறும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால், காற்றில் ஈரம் ஏறும் நாளில் மழையே இல்லாமல் சுவர் வேர்க்கும். எனவே தரைக் கற்பலகைகளைப் பெயர்த்து, கீழே ஊறிய மண்ணை ஓர் அடிக்காவது அள்ளிப் போட்டுவிட்டுப் புது மண் நிரப்பி, அதே பலகைகளைத் திரும்பப் பதியுங்கள். அள்ளிய மண்ணைத் தோட்டத்துக்கு அடித்துவிடலாம், நல்ல எரு. சுவரின் மேலே விட்டிருக்கும் காற்றுப் பொந்துகளை அடைக்காதீர்கள். வலை மட்டும் கட்டுங்கள். ஜன்னல் வைக்கச் சுவரை அறுப்பதானால், குறுக்குக் கல் எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகுதான்.

முதல் சுண்ணாம்புப் பூச்சு கட்டுத்தறியில் நிலைக்காது. அது உப்பை உறிஞ்சி ஒன்றிரண்டு வருடத்தில் கெடுவதற்காகவே பூசுவது. கெட்டதும் உரித்துவிட்டு மறுபூச்சுப் பூசுங்கள். அதுவரை விருந்தாளியின் கட்டிலைச் சுவரை விட்டு ஓர் அடி தள்ளியே போடுங்கள்.